உள்சுவரில் வெப்பத்தடுப்பு பெயிண்ட் அடிக்கும் முன்

போன வாரம் புளியரையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தொழிலுக்குப் புதிதாக வந்த பையன் படுக்கையறைச் சுவரில் வெப்பத்தடுப்பு பெயிண்டை உருட்டிக்கொண்டிருந்தான். “ரூம் ஏசி மாதிரி ஆயிரும் மாமா” என்றான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே வசனத்தைத்தான் பேசினேன். உப்புத்தாள் தேய்க்காதது, தூசி தட்டாதது எல்லாம் அவனே பட்டுத் தெரிந்துகொள்வான். அதை விட்டுவிடுகிறேன். பெரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஓதம் ஏறிய சுவரை மூடுவது

செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் நேராக மேற்குச் சுவரில்தான் அறையும். அப்படி ஒரு வீட்டில் உள்சுவர் சில்லென்று கிடந்தது, மூலையில் பூஞ்சை வேறு. “இந்தப் பெயிண்ட் அடிச்சா சரியாயிருமா?” என்று வீட்டுக்கார அண்ணாச்சி கேட்டார். யோசிக்காமல் ஆயிரும் என்றேன். பங்குனியில் மூன்று கோட். சலவைச் சட்டை மாதிரி இருந்தது சுவர்.

ஆடியில் கூப்பிட்டார். சுவரில் அப்பளம் அப்பளமாக உப்பல். ஒன்றை நகத்தால் கீறினேன். தண்ணீர் வழிந்தது, பின்னாலேயே வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. பெயிண்டுக்கு அடியில் சுவரைச் சமமாக்க இழுத்த பட்டியும் சேர்ந்து பெயர்ந்து கையோடு வந்தது. அண்ணாச்சி திட்டவே இல்லை, டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை. செங்கல் தெரியும்வரை சுரண்டி, கூலி வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன்.

நடந்தது இதுதான். வெளியே சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் வெடிப்பு. அதில் இறங்கிய தண்ணீர் முன்பெல்லாம் உள்பக்கமாகவும் கொஞ்சம் காய்ந்துகொண்டிருந்தது. கெட்டியான பெயிண்டை அடித்து நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். தண்ணீரோடு வந்த உப்பு உள்ளேயே உறைந்து பெயிண்டைத் தள்ளியது.

ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டிருந்தால் தெரிந்திருக்கும். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காதது

கான்கிரீட் வீட்டில் சாயங்காலம் அனல் கக்குவது மேல்தளம். இந்தப் பெயிண்டின் முக்கிய வேலை வெயிலைத் திருப்பி அனுப்புவது. உள்சுவரில் எந்த வெயில் விழுகிறது? சூட்டைத் தடுக்கும் என்று பார்த்தாலும், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் கிட்டத்தட்ட 230 மில்லிமீட்டர். காய்ந்த பெயிண்ட் மூன்று கோட் போட்டாலும் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. அந்தக் காசுக்கு மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு அடித்தால் ராத்திரித் தூக்கமாவது வரும்.

புது சிமெண்டுப் பூச்சில் அடிப்பது

28 நாளாவது காயட்டும். சாரல் காலத்தில் அதுவும் பத்தாது.

பெயிண்டில் தண்ணீர் ஊற்றி நீட்டுவது

செய்யாதீர்கள்.

புளியரைப் பையனை நிறுத்தி, பெயிண்ட் படாத பக்கத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் போன்: “மாமா, பின்னாடி நனைஞ்சிருக்கு.” இப்போது கொத்தனார் வெளியே ஏணியில் நிற்கிறார். மீதி இரண்டு டின்னைக் கடையில் திருப்பி எடுப்பார்களா என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்கிறார். ஒன்றை உடைத்தாயிற்று, அதை எடுக்க மாட்டார்கள்.