சிட்டி சைஸ் கம்பேர் பண்றப்போ நம்மாளுங்க சொதப்புற இடங்க

ஓசூர்ல இருந்து பெங்களூரு பக்கம் எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரானு வேலைக்கு போறவங்க நெறைய, அதனால பேச்சு எங்க சுத்துனாலும் கடைசில "பெங்களூரு சென்னையை விட டபுள்ப்பா"ங்கற எடத்துக்கு வந்துடும். 2011 சென்சஸ காட்டுவாங்க, பெங்களூரு 84 லட்சம், சென்னை 46 லட்சம். நம்பர் கரெக்ட்தான், கம்பேர் பண்ணதுதான் தப்பு. பெங்களூருல 2007லயே சுத்தியிருந்த முனிசிபாலிட்டிங்களையும் நூத்துக்கு மேல கிராமங்களையும் மாநகராட்சிக்குள்ள இழுத்துட்டாங்க, சென்னையோட அந்த 46 லட்சம் பழைய எல்லைக்கு உள்ள எண்ணுனது, சுமார் 174 சதுர கிலோமீட்டர்தான், அம்பத்தூர், ஆலந்தூர் எல்லாம் அப்போ வெளிய, அப்புறம்தான் 426 ஆச்சு. கோடு எங்க போட்டிருக்குனு பாக்காம ஒட்டி வளந்த ஏரியா மொத்தத்தையும் எடுத்தா அதே சென்சஸ்ல சென்னை 86 லட்சம், பெங்களூரு 85. டபுள் எங்கய்யா போச்சு?

கோவை, மதுரையும் இப்படித்தான். அதே 2011 சென்சஸ்ல மாநகராட்சி கணக்குல ரெண்டும் 10 லட்சத்து சொச்சம், சுத்துப்பட்டையும் சேத்தா கோவை 21, மதுரை 14.

இதவிட மோசம், ஒரு ஊருக்கு எல்லைக்குள்ள இருக்கற கணக்கு, இன்னொன்னுக்கு சுத்துப்பட்டு கணக்குனு கலந்தடிக்கறது. தர்மபுரி 15 லட்சம்னு சொல்றவங்களும் இருக்காங்க, அது அரூர், பென்னாகரம், பாலக்கோடு எல்லாம் சேந்த மாவட்டம்ங்க, டவுன் 68 ஆயிரம்தான்.

ஓசூர் கதை இன்னும் காமெடி. 2011 கணக்குல 1.16 லட்சம்னும் இருக்கும், 2.45 லட்சம்னும் இருக்கும், ரெண்டும் அதே வருசம்தான். மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, மத்திகிரினு சுத்தி இருந்ததெல்லாம் சேத்ததால வந்த வித்தியாசம் அது. இத வெச்சு "ஊரு ரெண்டு மடங்கு வளந்துடுச்சு"னு ரியல் எஸ்டேட்காரங்க சொன்னா நம்பி அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

சரி, அப்போ சுத்துப்பட்டு கணக்கே போதுமானு கேட்டா அதுலயும் ஓட்டை இருக்கு. சென்சஸ்ல அந்த கணக்கு ஸ்டேட் பார்டர தாண்டாது, டெல்லியோட 1.63 கோடில நொய்டாவும் குர்கானும் இல்லாதது அதனாலதான். கர்நாடகா பார்டர்ல இருக்கற அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு இந்தப்பக்கம், தமிழ்நாட்டுல இருக்கற ஓசூர்காரங்க நாமளும் அப்படியே பெங்களூரு கணக்குக்கு வெளிய, ஓசூரையும் சேத்து எவ்ளோ பெருசுனு பாக்கணும்னா ரெண்டு ஸ்டேட் டேபிளையும் எடுத்து வெச்சு நாமளேதான் கூட்டணும்.