இன்டெலிஜே பிளகின் பில்ட்: ஐடிஇ பொத்தானா, டெர்மினலா?

இன்டெலிஜே ஐடியா என்ற ஐடிஇ-க்கு (நிரல் எழுதும் மென்பொருள்) முதல் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுதுபவர்கள், அதை ஓட்டிப் பார்க்கும் பச்சை முக்கோணப் பொத்தானை அழுத்தியே காலத்தை ஓட்டிவிடலாம். எழுதிய நிரலை வேறொரு கணினிக்கோ, தானாகவே பில்ட் செய்யும் சிஐ சர்வருக்கோ கொண்டுபோகும்போதுதான் சிக்கல். அங்கே உங்கள் ஐடிஇ செட்டிங்ஸ் எதுவும் இருக்காது. அதனால் எழுதவும் பிழை தேடவும் ஐடிஇ, பிறருக்குக் கொடுக்கும் ஜிப் கோப்பை உருவாக்க (அதாவது பில்ட் செய்ய) டெர்மினல் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஐடிஇ-யின் பிளகின்ஸ் பக்கத்தில் உள்ள மார்க்கெட்பிளேஸிலிருந்து, பிளகின் எழுத உதவும் 'பிளகின் டெவ்கிட்' நிறுவுங்கள். 2023.3 முதல் அது ஐடிஇ-யுடன் சேர்ந்து வருவதில்லை. பிறகு புதிய புராஜெக்டில் 'ஐடிஇ பிளகின்' வகையைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: பச்சை முக்கோணத்தை அழுத்துங்கள். உங்கள் பிளகினோடு இன்னொரு ஐடிஇ தனியாகத் திறக்கும். அதன் செட்டிங்ஸ் வேறு, உங்களுடையதைத் தொடாது. உண்மையில் இந்தப் பொத்தான், பில்ட் வேலைகளைச் செய்யும் கருவியான கிரேடிலின் 'ரன்ஐடிஇ' டாஸ்க்கைத்தான் (வேலையைத்தான்) கூப்பிடுகிறது. பிரேக்பாயின்ட் (நிரல் நிற்க வேண்டிய இடம்) வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்க்க இதைவிட வசதி கிடையாது. அதை டெர்மினலில் செய்ய மல்லுக்கட்ட வேண்டாம்.

படி 3: டெர்மினலில் புராஜெக்ட் ஃபோல்டருக்குப் போய் இதை ஓட்டுங்கள் (தட்டும்போது ஆங்கில எழுத்தில்; கிரேடில் என்ற பெயரோடு 'டபிள்யூ' என்ற ஒரே எழுத்து சேர்ந்தது):

./கிரேடில்டபிள்யூ --வெர்ஷன்

தேவையான கிரேடில் பதிப்பை இதுவே இறக்கிக்கொள்ளும், தனியாக நிறுவ வேண்டாம். லினக்ஸிலோ மேக்கிலோ அனுமதி இல்லை என்று வந்தால் அந்தக் கோப்புக்கு எக்ஸிக்யூட் அனுமதி கொடுங்கள்.

வரும் விவரத்தில் ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் பகுதி) பதிப்பை அவசியம் பாருங்கள். பெரும்பாலான தலைவலி இங்கேதான். ஐடிஇ, தன் கிரேடில் செட்டிங்ஸில் குறித்த ஜேடிகே-யை (ஜாவா கருவித் தொகுப்பை) எடுத்துக்கொள்ளும். டெர்மினலோ, ஜாவா எங்கே இருக்கிறது என்று கணினியில் குறித்து வைக்கும் 'ஜாவா ஹோம்' மாறி சொல்வதைக் கேட்கும். ஐடிஇ-யின் 2024.2-க்கும் அதற்குப் பிறகான பதிப்புகளுக்கும் குறைந்தது ஜாவா 21 வேண்டும். ஜாவா ஹோம் பழைய 11-ஐக் காட்டினால் ஐடிஇ-யில் ஓடியது டெர்மினலில் விழும். இரண்டையும் ஒரே ஜேடிகே-க்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கிரேடில் டீமன்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) தனித்தனியாக ஓடி ரேமையும் தின்னும்.

அதே செட்டிங்ஸ் பக்கத்தில் 'பில்ட் அண்ட் ரன் யூஸிங்' கிரேடிலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐடியா என்று மாறியிருந்தால் கம்பைல் செய்வது ஐடிஇ-யின் சொந்த வழி. கிரேடில் ஸ்கிரிப்டில் நீங்கள் சேர்த்த டாஸ்க்குகள் ஓடாமல் போகலாம்.

படி 4: சரி, இப்போது பில்ட்.

./கிரேடில்டபிள்யூ கிளீன் பில்ட்பிளகின்

'பில்ட்பிளகின்' ஒரே சொல், நடுவில் வரும் 'பி' மட்டும் பெரிய எழுத்து. பில்ட் ஃபோல்டருக்குள் 'டிஸ்ட்ரிபியூஷன்ஸ்' ஃபோல்டரில் ஜிப் வந்திருக்கும். பில்ட் தோற்றால், கட்டளையின் கடைசியில் --ஸ்டாக்டிரேஸ் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். ஐடிஇ-யின் சிவப்பு வரியைவிட அதில் காரணம் தெளிவாகத் தெரியும்.

படி 5: அந்த ஜிப்பை பிளகின்ஸ் பக்கத்தின் பல்சக்கரப் படத்தை அழுத்தி, 'இன்ஸ்டால் பிளகின் ஃப்ரம் டிஸ்க்' வழியாக நிறுவிப் பாருங்கள். அப்புறம், பிளகின் மற்ற ஐடிஇ பதிப்புகளோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கும் 'வெரிஃபைபிளகின்' டாஸ்க்கை ஓட்டுங்கள். எந்தெந்த ஐடிஇ பதிப்புகளுக்கு எதிராகச் சோதிக்க வேண்டும் என்று பில்ட் ஸ்கிரிப்டில் முதலில் குறிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் முழுசாக இறக்கும் என்பதால் மொபைல் டேட்டாவில் இதைத் தொடங்காதீர்கள்.