ஐஸ்லாந்திய மொழி: தமிழ் வழியாகப் போனால் பாதை சுருக்கம்

வேலைக்கோ குடும்பத்தோடு சேரவோ சென்னையிலிருந்து ஐஸ்லாந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் அந்த மொழியைப் படிக்கத் தொடங்குகிறார்கள். அங்கேதான் தப்பு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் திணறும் பல இடங்கள் நமக்குப் பழகிய இடங்கள்.

முதலில் ஒலி. ‘டீ’ என்று நாக்கை மடிக்கும் பழக்கத்தை விடுங்கள். நாக்கு பல்லைத் தொடும் ‘த’தான் அங்கே வேண்டும். ‘அது’ என்பதில் ‘த’ மெலிந்து வருகிறதே, அந்த ஒலிக்கு அவர்களிடம் தனி எழுத்தே இருக்கிறது.

நம்மிடம் இல்லாதது மூச்சு. ஒரு மாநகரப் பேருந்து டிக்கெட்டை உதட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் பிடித்து ‘கல்’ என்று சொல்லுங்கள். டிக்கெட் அசையாது. அதே ‘க’வோடு ‘கல்துர்’ என்றால் மந்திரம். மூச்சை ஊதி, டிக்கெட் படபடக்க, ‘க்ஹல்துர்’ என்றால் குளிர்ந்தது. மூச்சு விட்டுப்போனால் சொல்லே மாறிவிடும். தினமும் பத்து நிமிடம் இதை மட்டும் செய்யுங்கள். ‘நன்றி’க்கான சொல்லை நாம் ‘பக்கம்’ மாதிரி அழுத்தி ‘தக்க்’ என்போம். சரியான ஒலி ‘த்ஹஹ்க்’: kk, tt, pp என்ற இரட்டை ஒற்றுக்கு முன்னால் ஒரு ‘ஹ்’ வரும். அழுத்தம் எப்போதும் முதல் அசையில்தான்.

இலக்கணத்தில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ‘எனக்குக் குளிருது’ என்பதை அவர்களும் அப்படியே ‘மியேர் எர் க்ஹல்த்’ என்கிறார்கள். ‘மியேர்’ என்றால் ‘எனக்கு’. ஆங்கிலத்தை மனதில் வைத்து ‘நான்’ என்று தொடங்கினால், உடம்பு தொட்டால் சில்லென்று இருக்கிறது என்று பொருள் போய்விடும். வேற்றுமையும் புதிதல்ல. ‘பள்ளியில்’ என்றால் ‘ஈ ஸ்கோவுலனும்’, ‘பள்ளிக்கு’ என்றால் ‘ஈ ஸ்கோவுலன்’. ‘ஈ’ என்ற முன்சொல் ஒன்றேதான், பெயரின் வால்தான் மாறுகிறது.

உண்மையான சிரமம் பால். புத்தகம், மேசை, நாற்காலி மூன்றும் நமக்கு அஃறிணை. அங்கே புத்தகம் பெண்பால், மேசை அலிப்பால், நாற்காலி ஆண்பால். ஒன்று முதல் நான்கு வரையிலான எண்களும் அதற்கேற்ப மாறும்: இரண்டு நாற்காலிக்கு ‘த்வேயிர்’, இரண்டு புத்தகத்துக்கு ‘த்வைர்’, இரண்டு மேசைக்கு வேறொன்று. அதனால் பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், சுட்டு (ஆங்கில ‘the’ போன்றது, அங்கே பெயரின் முடிவில் ஒட்டும்) ஒட்டிய வடிவத்தோடு எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தால் ‘பின்’ என்ற இணையத் தரவுத்தளத்தில் சொல்லைத் தட்டினால் எல்லா வடிவங்களும் வரும். ஐஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ‘ஐஸ்லாண்டிக் ஆன்லைன்’ பாடம் இலவசம்.

அந்த நாடு ஆண்டு முழுக்க நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே பகல் 12.20 வானொலிச் செய்தி நமக்கு மாலை 5.50, டீ நேரத்தில் கேட்கலாம். புரிய வேண்டாம், காது பழகட்டும்.

காகித வேலையை இங்கேயே முடியுங்கள். போலீஸ் கிளியரன்ஸை பாஸ்போர்ட் சேவை மையம் வழியாக வாங்கலாம். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்தில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) வேண்டும். இனிஷியல் ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருந்தால், முதலில் எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டோடு பொருத்துங்கள். அங்கேயும் பெரும்பாலும் அப்பா பெயர்தான் பின்னால் வரும், ஆனால் யாரையும் முதல் பெயரால்தான் அழைப்பார்கள், ஜனாதிபதியையும். ‘சார்’ தேடாதீர்கள்.

போனதும் முதல் வேலை ‘கென்னிதாலா’, பத்து இலக்க அடையாள எண். 7 மார்ச் 1992இல் பிறந்தவருக்கு 070392 என்று தொடங்கி 9இல் முடியும். 2000 முதல் பிறந்தவருக்குக் கடைசி இலக்கம் 0. இது இல்லாமல் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்க ஆறு மாதம் வசித்திருக்க வேண்டும், அதுவரைக்கும் தனியார் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

நீச்சல் குளம்தான் அவர்களுடைய திண்ணை. பேச்சு அங்கே வெந்நீர்த் தொட்டியில் நடக்கும். ஆனால் இறங்குமுன் உடையே இல்லாமல் சோப்பு போட்டுக் குளிக்க வேண்டும். கூச்சப்பட்டு நீச்சலுடையோடு நனைந்து வந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

கடையில் உங்கள் தடுமாற்றத்தைக் கேட்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், உதவும் எண்ணத்தில்தான். ‘யெக் எர் அத் லைரா ஈஸ்த்லென்ஸ்கு’ (நான் ஐஸ்லாந்து மொழி படிக்கிறேன்) என்று சொல்லிவிட்டு உங்கள் வாக்கியத்தைத் தொடருங்கள். வகுப்பில் சேர்ந்தால் கட்டண ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தொழிற்சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்களுக்கு அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.