பஞ்சு வைத்துத் தைக்கும் தோள்பை: பரிசளிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளையில் இருந்துகொண்டு ஓணத்துக்கு யாருக்கேனும் பரிசு தைப்பதென்றால், பாலராமபுரம் கைத்தறியில் மிஞ்சிய கசவுத் துண்டுகள்தான் (பொன் சரிகைக் கரை போட்ட வெளிர்நிறத் துணி) முதலில் என் கைக்கு வரும். மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் தோள்பைக்கு அவை மிகவும் ஏற்றவை.

துணியைக் கழுவாமல் வெட்டுவதே பெரிய தவறு. மைனிக்குத் தைத்த பையில் சந்தன நிறக் கசவுக்கு அடுத்து ஒரு சிவப்புப் பருத்தித் துண்டை இணைத்திருந்தேன். முதல் முறை நனைத்த அன்றே சாயம் இறங்கி, கசவு முழுவதும் திட்டுத் திட்டாக ரோஜா நிறம் ஏறிவிட்டது. அடர்ந்த நிறத் துணியைத் தனியே நனைத்து, அதன்மேல் வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்து, நிறம் ஒட்டாதபோது மட்டுமே பயன்படுத்த வேண்டும். மேலும், பருத்தி முதல் கழுவலில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கக்கூடும் என்பதால், கழுவிய துணியும் கழுவாத துணியும் ஒரே பையில் சேர்ந்தால் பின்னர் ஒன்று மற்றொன்றை இழுத்துச் சுருக்கிவிடும்.

அடுத்தது அளவு. பஞ்சு வைத்துக் கோடு கோடாகத் தைக்கும்போது துணி உள்வாங்கும். ஆகவே மேல்துணி, பஞ்சு, அதன் கீழே வைக்கும் அடித்துணி ஆகிய மூன்று அடுக்கையும் (லைனிங் தனி) நான்கு புறமும் 3 செ.மீ. கூடுதலாக வெட்டி, தைத்து முடித்த பிறகே சரியான அளவுக்கு நறுக்க வேண்டும். ஓரத்திலிருந்து தையலைத் தொடங்கினால் அடித்துணி மடிப்பு மடிப்பாகச் சேர்ந்துவிடும் என்பதால், 10 செ.மீ.க்கு ஒரு குண்டூசி குத்தி, நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தைப்பது நல்லது. தையல் நீளம் 3 மி.மீ. அல்லது சற்று அதிகம் இருக்கட்டும். சரிகையின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். பாலியெஸ்டர் பஞ்சும் சூட்டில் தட்டையாகிவிடும்.

கைப்பிடியில் காட்டும் அலட்சியத்தை என்னால் ஏற்க முடியாது, ஏனெனில் அழகுக்கென்று கொடுத்தாலும் வாங்கியவர் அதில் தேங்காயும் மரவள்ளிக்கிழங்கும் சுமந்துதான் வருவார். நுனியை வாய்த்தையலுக்குள் செருகுவதோடு நிறுத்தாமல், 4 செ.மீ. கீழே இறக்கி, உட்புறம் தடித்த துணித் துண்டு ஒன்றை வைத்து, சதுரமாகவும் அதற்குள் பெருக்கல் குறியாகவும் தைக்க வேண்டும். அடுக்குகள் கூடும் இந்த இடத்தில் மெல்லிய ஊசி ஒடியும். 16ஆம் எண் ஊசி தாங்கும். தோளில் மாட்ட 60 முதல் 65 செ.மீ. நீளம் பொதுவாகப் போதும், ஆனாலும் பெறுபவர் அன்றாடம் எடுத்துச் செல்லும் பையை ஒரு நூலால் அளந்துகொள்வதே மேல்.

அடிப்பாகத்துக்கு 10 செ.மீ. அகலம் வேண்டுமானால், மேல்பை, லைனிங் இரண்டிலும் மூலையில் பக்கத் தையலையும் அடித் தையலையும் நேருக்கு நேர் வைத்து, அதே நீளக் கோட்டில் தைக்க வேண்டும். லைனிங்கின் அடியில் பையைத் திருப்ப 15 செ.மீ. திறப்பு விட மறந்தால், தையலைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

ஆடி மழையில் தைத்த பையை ஈரம் உலராமல் பிளாஸ்டிக் உறையில் கட்டினால், பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு துணியில் கரும்புள்ளிகள் படரும். ஒரு நாளாவது காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுக்கலாம். அதற்கும் முன்பு, அந்தத் திறப்பைத் தைத்து மூடுமுன், குத்திய குண்டூசிகளை எண்ணுங்கள்: 40 குத்தியிருந்தால் 40உம் டப்பாவுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.