‘தளர்ச்சி’ என்று எங்கே எழுதலாம்?

மருத்துவக் கட்டுரைகளைத் திருத்துவது என் தொழில். வலு குறைந்த எல்லா நிலைக்கும் ‘தளர்ச்சி’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்போது முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: படுத்து எழுந்தால் போய்விடுமா?

போய்விடும் என்றால் அது களைப்பு. காய்ச்சலில் எழவே மனமில்லாமல் கண் செருகினால் அசதி. சோர்வு உடம்புக்கும் மனத்துக்கும் பொது. எதைச் சொல்கிறோம் என்பது வாக்கியத்தில் தெரிய வேண்டும். ‘பலவீனம்’ தவறில்லை. ஆனால் இனிப்பைக் கண்டால் கை நீளுவதும் பலவீனம்தான் என்பதால் நான் அதை அளவோடுதான் விடுவேன்.

தளர்ச்சியில் இறுக்கம் நெகிழும் பொருள் இருக்கிறது. முடிச்சும் தளரும், முழங்காலும் தளரும். முதுமையாலோ நெடுநாள் நோயாலோ பிடிமானம் சிறிது சிறிதாகக் குறைவதற்கே அது பொருந்தும். ‘மாடி ஏறியதில் தளர்ச்சி’ என்றால் காதில் இடறுகிறது. ‘எழுபதைத் தாண்டியதும் நடை தளர்ந்தது’ இயல்பாக அமர்கிறது. தளர்நடை மட்டும் முதியவருக்கும் உண்டு, தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கும் உண்டு.

வினையிலும் கவனம் வேண்டும். முடிச்சையும் விதியையும் தளர்த்தலாம். ‘நோய் உடலைத் தளர்த்தியது’ என்று வந்தால் ‘நோயால் உடல் தளர்ந்தது’ என்று மாற்றிவிடுவேன்.

எனக்கு எரிச்சலூட்டுவது ‘நரம்புத் தளர்ச்சி’. கை நடுக்கம், ஆண்மைக் குறைவு, மறதி, படபடப்பு எல்லாவற்றையும் அந்த ஒரே மூட்டையில் கட்டி லேகிய விளம்பரங்கள் விற்கின்றன. 1869-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் எழுதிப் பரவலாக்கிய ‘நியூரஸ்தீனியா’ (நரம்பு வலுவின்மை) என்ற நோய்ப்பெயரும் இப்படித்தான் தலைவலி முதல் தூக்கமின்மை வரை அள்ளிக்கொண்டது. நரம்பு கயிறல்ல, தொய்ந்துபோக. நடுக்கமென்றால் நடுக்கம் என்றே எழுதுங்கள். பாதம் மரத்துப்போகிறது என்றால் அதையே எழுதுங்கள். நீரிழிவு நரம்பைப் பாதித்தால் அப்படி ஆகும்.

தசையின் வலு குறைந்திருந்தால் பெயரைவிடச் செயலைச் சொல்வதே மேல். ‘நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை’ என்றால் இடுப்பு, தொடைத் தசைகளின் பக்கம் மருத்துவரின் கவனம் போகும். ‘காலிலிருந்து செருப்பு நழுவுகிறது’ என்றால் முழங்காலுக்குக் கீழே பார்ப்பார். இரண்டையும் ‘கால் தளர்ச்சி’ என்று முடித்துவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

ஓரிடத்தில் மட்டும் இச்சொல்லைக் கண்டிப்பாக அடித்துவிடுவேன். திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கக் கை தூக்க வராமல், பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். அங்கே ‘கை செயலிழந்தது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்’ என்றுதான் எழுத வேண்டும்.