நாக் வருவதற்கு முன் செய்துவிடும் தவறுகள்

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவை) குழு வருகிறது என்று, எங்கள் துறையில் ஒருமுறை ஐந்து ஆண்டுக்கான மாணவர் வழிகாட்டி நோட்டுகளை, அதாவது ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் ஆசிரியர் குறித்துவைக்கும் நோட்டுகளை, இரண்டே நாளில் எழுதி முடித்தோம். எல்லாம் ஒரே நீல மை, பக்கத்துக்குப் பக்கம் ‘நன்றாகப் படிக்கிறார்’ என்ற ஒரே வரி. இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை விட்டுப் போன பெண்ணின் பெயருக்கு நேரேயும் அதே வரி. அவள் ஏன் போனாள் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அந்த நோட்டு நாங்கள் நினைத்ததுபோல் நாக் குழுவுக்கானது அல்ல, அவளுக்கானது.

1994இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தொடங்கிய நாக், கல்லூரியையும் பல்கலைக்கழகத்தையும் ஏழு அளவுகோல்களில் மதிப்பிட்டு வந்திருக்கிறது. மதிப்பீட்டுக்கு முன் நிறுவனமே தன்னை எடைபோட்டு சுய ஆய்வு அறிக்கை தர வேண்டும். இதைக் கடைசி ஆண்டு வேலையாக நினைப்பதுதான் பெரிய தவறு. கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு (ஐக்யூஏசி) ஆண்டுதோறும் அறிக்கை அனுப்ப வேண்டும் என்ற விதியே, அந்தந்த ஆண்டுக் குறையை அந்தந்த ஆண்டே பார்க்கத்தான்.

அடுத்தது, மாணவர் கருத்துப் படிவம். வாங்குகிறோம், வண்ண வண்ணமாக வரைபடம் போடுகிறோம், அத்தோடு சரி. நூலகம் நாலரை மணிக்கே மூடிவிடுகிறது என்று நாற்பது பேர் எழுதியிருந்தால், அதைக் கூட்டத்தில் வைத்தோமா, நேரம் மாறியதா? மாறியிருந்தால் அந்தச் சுற்றறிக்கை ஒன்றே போதும், வரைபடமே தேவையில்லை.

பெரிய பல்கலைக்கழகத்தின் அறிக்கையைப் பார்த்து எழுதுவதும் வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு 1000 மதிப்பெண்ணில் ஆராய்ச்சிக்கு 250. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிக்கோ கற்றல், கற்பித்தல், மதிப்பீட்டுக்கு மட்டும் 350 என்றுதான் நாக் கையேடு பிரித்திருந்தது. வகுப்பறையை விட்டுவிட்டுக் கருத்தரங்கச் சான்றிதழ் சேர்க்க ஓடினால் இழப்பு நமக்குத்தான்.

ஆசிரியர் எண்ணிக்கை ஒரு பக்கத்தில் 82, இன்னொரு பக்கத்தில் 85 என்று இருந்தால் தரவு சரிபார்ப்பில் விளக்கம் கேட்பார்கள். அனுப்பும் முன் ஒருவர் முழுதும் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

அப்புறம், அறிக்கையில் ‘பலவீனம்’ என்றே ஒரு பகுதி உண்டு. அங்கே ‘இடப் பற்றாக்குறை’ என்று மட்டும் எழுதிக் கடந்துவிடாதீர்கள். முதல் ஆண்டு கணிதத்தில் பாதிப் பேர் தோற்கிறார்கள் என்றால் அதையே எழுதுங்கள். மாலை வகுப்பு தொடங்கியதையும், அதற்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் கீழே சேருங்கள்.