லப் எது, டப் எது? விரலைக் கழுத்தில் வையுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வீடு வீடாகப் போய் பிசியோ செய்கிறேன். பக்கவாதம் வந்தவரோ, இடுப்பு முறிந்தவரோ, எழுப்பி நடக்கவைக்கும் முன் நெஞ்சில் ஒருமுறை ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்தின் 'லப்-டப்' சத்தத்தைக் கேட்டுவிடுவேன். இன்றைக்கு இவரை நடக்க வைக்கலாமா, முதலில் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டுமா என்று தெரிந்தால் போதும். நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டர் வேலை.

முதலில் காற்றாடியை நிறுத்துங்கள், மின்னல் எஃப்எம் வானொலியையும்தான். செம்பனைக் குலை லாரி போய் முடியட்டும். காதில் செருகும் முனைகள் மூக்குப் பக்கம் பார்க்க வேண்டும். சட்டைக்கு மேல் கேட்காதீர்கள். நெஞ்சு முடி கரகரத்தால் லேசாக ஈரப்படுத்தினால் சரியாகிவிடும்.

இதய வால்வுகளின் சத்தம் கேட்கும் நாலு இடங்களைப் பிடிக்க: தொண்டைக்குழியிலிருந்து விரலைக் கீழே இழுத்தால் மார்பெலும்பில் ஒரு மேடு தட்டும். அதன் பக்கவாட்டில் இருப்பது இரண்டாம் விலா. அதற்குக் கீழுள்ள இடைவெளியில் வலப்பக்கம் அயோர்ட்டிக், இடப்பக்கம் பல்மனரி. இடது ஓரமாகவே நாலாம் இடைவெளிக்கு இறங்கினால் டிரைகஸ்பிட். ஐந்தாம் இடைவெளியில், காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே மைட்ரல்.

இனிமேல்தான் நான் சறுக்கிய இடம். பயிற்சியில் இருந்தபோது பால்மரம் வெட்டி ஓய்ந்த தாத்தா ஒருவர். நாடி 110. 'லப்-டப்-ஓய்வு' என்று புத்தகத்தில் படித்த ஓய்வே காணோம். லப்-டப்-லப்-டப் என்று ரயில் மாதிரி ஓடியது. நடுவில் 'ஊஷ்' என்று ஒரு சத்தம். லப்புக்கு அப்புறம் வருகிறது, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் அக்கா ஒன்றும் பேசாமல் என் விரலைப் பிடித்துத் தாத்தாவின் கழுத்தில் வைத்தார். துடிப்போடு சேர்ந்து வந்தது நான் 'டப்' என்று நினைத்த சத்தம்! அப்படியானால் அதுதான் லப்; ஊஷ் வந்தது டப்புக்கு அப்புறம், இதயம் விரியும் நேரத்தில். சுருங்கும்போது வரும் இந்த மாதிரி ஊஷ் சத்தம் (முணுமுணுப்பு) சிலருக்குத் தீங்கில்லாததாக இருக்கலாம். விரியும்போது வந்தால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

இதயம் வேகமாக ஓடினால் லப்-டப் இடைவெளியும் டப்-லப் இடைவெளியும் ஏறக்குறைய சமமாகிவிடும். காதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். குரல்வளைக்குப் பக்கத்தில், ஒரே பக்கம், மெதுவாகத் தொடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தவே கூடாது. துடிப்போடு வருவது லப்: மைட்ரலும் டிரைகஸ்பிட்டும் மூடும் சத்தம். துடிப்பு முடிந்து வருவது டப்: அயோர்ட்டிக், பல்மனரி வால்வுகள் மூடுவது. மணிக்கட்டு நாடி இதற்கு உதவாது, அங்கே துடிப்பு தாமதமாக வந்து சேரும்.

கருவி பற்றி என் கட்சி: மணி போன்ற பெல் முகம் தனியாக உள்ளதை வாங்குங்கள். ஒரே முகத்தை லேசாகவும் அழுத்தியும் கேட்கும் லிட்மன் நிறுவனக் கருவி நல்லதுதான், ஆனால் புதியவர் கை எப்போதும் அழுத்தவே பார்க்கும். பெல்லையும் அழுத்தினால் அடியில் தோல் இறுகி டயஃப்ரம் (தட்டையான சவ்வு முகம்) போலாகிவிடும், சிலருக்கு டப்புக்கு அப்புறம் வரும் மூன்றாம் சத்தம் போன்ற தாழ்ந்த ஒலிகள் மறைந்துவிடும். ஆயிரம் ரிங்கிட் எலெக்ட்ரானிக் கருவி இப்போதைக்கு வேண்டாம். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த டாக்டர் லென்னக் 1816-இல் பாரிஸில் காகிதத்தைச் சுருட்டி வைத்தே கேட்டார்.

பின்சேர்க்கை: "ஒன்றுமே கேட்கவில்லை" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நெஞ்சில் வைக்கும் வட்டத் துண்டைத் திருப்பிவிட்டு விரலால் தட்டிப் பாருங்கள், பாதி நேரம் மறுமுகம்தான் திறந்திருக்கும். அப்படியும் கேட்காவிட்டால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், இதயம் நெஞ்சுச் சுவருக்கு நெருங்கி வரும். பாட்டிகளிடம், "மார்பை நீங்களே கொஞ்சம் தூக்கிப் பிடிங்க பாட்டி" என்றால் அவர்களுக்கும் கூச்சமில்லை.

தாளம் தப்பித் தப்பி வந்தால்? நீங்கள் மைட்ரலில் ஒரு நிமிடம் எண்ணுங்கள், வீட்டிலுள்ளவரை அதே நிமிடம் மணிக்கட்டில் எண்ணச் சொல்லுங்கள். நெஞ்சில் 96, கையில் 80 என்று வந்தால் அன்றைக்கு நடைப்பயிற்சி கிடையாது. இரண்டு எண்ணையும் தாளில் எழுதிக் கொடுத்து அன்றே கிளினிக்குக்கு அனுப்பிவிடுங்கள்.